கோபித்துக்கொண்ட பிரதி

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான் கம்ப்யூட்டரைத் திறந்தபோது எங்கள் குடும்பத்தில் செத்தவர்கள் ஒருவரையும் காணவில்லை. உயிரோடு இருப்பவர்கள் எல்லாரும் அவரவர் இடத்தில் இருந்தார்கள். 'குடும்பம்' என்ற பெரிய ஃபோல்டருக்குள் ஆளுக்கொரு சின்ன ஃபோல்டராக நானூற்றுப் பதினேழு பேரைச் சேர்த்து வைத்திருந்தேன். ஏழு வருஷ வேலை. பெயர் போடாமல் உறவைப் போட்டு வைப்பது என் பழக்கம், ஏனென்றால் எங்கள் குடும்பத்தில் ஒரே பெயரில் ஆறு பேர் இருக்கிறார்கள். அக்கா மகனுக்கு அடுத்து அத்தை, அப்பா, அம்மா என்று வர வேண்டும். வரவில்லை. அக்கா மகனுக்கு அடுத்து நேராகக் கண்ணாடிக்கடைத் தம்பி நின்றான்.

நான் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருஷமாக அந்த வேலைதான். பழுது என்று வந்துவிட்டால் முதலில் பதறக் கூடாது, அது எந்த ஒழுங்கில் பழுதாகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது எனக்குக் கை வந்த பாடம். அதனால் பதறவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனாலும் கூடவே ஒரு குறுகுறுப்பும் இருந்தது. வைரஸ் வந்து தின்றிருந்தால் அது செத்தவர் பிழைத்தவர் பார்த்தா தின்னும்? டிஸ்க் கெட்டிருந்தால் பாதி அப்பாவும் பாதி நானும் போயிருக்க வேண்டாமா? இது விவரம் தெரிந்த கையின் வேலை. நான் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, போனவர்கள் பட்டியலை எழுத ஆரம்பித்தேன்.

எழுத எழுத இரண்டு இடத்தில் இடித்தது. குடைக்கார மாமா இரண்டு வருஷத்துக்கு முன்பே காலமாகிவிட்டார், அவர் ஃபோல்டர் அப்படியே இருந்தது. சர்வேயர் பெரியப்பாவுக்குத் தொண்ணூற்றொரு வயது, தினமும் காலையில் இரண்டு தெரு நடந்து பேப்பர் வாங்கி வருகிறார், அவர் ஃபோல்டர் இல்லை. அந்தத் தாளை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். குடைக்கார மாமா இருப்பதாகவும் சர்வேயர் பெரியப்பா போய்விட்டதாகவும் இந்த உலகத்தில் நம்பிக்கொண்டிருக்கும் ஒரே ஆள் என் அக்கா. எத்தனை தடவை சொன்னாலும் அவளுக்கு அந்த இரண்டு பேரும் இடம் மாறிவிடுவார்கள். போனை எடுத்தேன்.

"அக்கா, அந்தக் குடும்ப ஃபோல்டரத் தொட்டியா?"

"தொடாம? மூணு மத்தியானம் உக்காந்து சுத்தம் பண்ணேன். உனக்கு எங்க அதுக்கெல்லாம் நேரம்."

"என்ன சுத்தம்?"

"கல்யாணத்துக்கு லிஸ்ட் எடுக்கணும்ல. எல்லார் அட்ரஸும் போன் நம்பரும் அதுலதானே போட்டு வச்சிருக்க. நடுவுல நடுவுல போனவங்க எல்லாம் கெடக்கறாங்க. அவங்களுக்குப் பத்திரிகை வைக்க முடியுமா? எடுத்துட்டேன்."

"அப்பாவையுமா?"

"அப்பாவ எடுக்கும்போது கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்துச்சு" என்றாள்.

அவள் மகன் கல்யாணம் அடுத்த மாதம். அவள் சுத்தம் செய்தது ஏழு வாரத்துக்கு முன்பு. குப்பைத்தொட்டியில் போட்டதை, ஃபோல்டரை நெட்டில் வைத்துக் காக்கும் கம்பெனிக்காரர்கள் முப்பது நாள் வைத்திருந்து பிறகு அழித்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதைச் சொன்னதும் அக்காவின் குரல் மாறியது. "நீதானேடா எல்லாரும் உள்ள வந்து திருத்தலாம், சேக்கலாம்னு சொன்ன?" என்றாள். நான் சொன்னதுதான். அவள்மேல் கோபப்படக்கூட வழியில்லாமல் போய்விட்டது. கடைசியாக, போனை வைக்கும் முன்பு, சர்வேயர் பெரியப்பா உயிரோடு இருக்கிறார் என்றேன். "அப்படியா? அப்ப அவருக்கு ஒரு பத்திரிகை எழுது" என்றாள்.

என்னிடம் ஒன்றுக்கு நாலு பிரதி இருந்தது என்பதுதான் இதில் வேடிக்கை. வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒன்று, வேலைக்கு எடுத்துப்போகும் லேப்டாப்பில் ஒன்று, வேறு ஊரில் படிக்கும் என் மகனிடம் ஒன்று, அக்கா வீட்டில் ஒன்று. ஓர் இடத்தில் ஒரு படத்தைச் சேர்த்தால் நாலு இடத்திலும் தானாக வந்து நிற்கும். அதைப் பார்த்து நான் பூரித்துப்போன நாள் உண்டு. சேர்த்தால் நாலு இடத்தில் சேரும் என்றால், அழித்தால் நாலு இடத்திலும் அழியும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு லிஃப்டை ஐந்தாறு இரும்புக் கயிறுகள் தாங்கும். அதில் ஒன்றே முழுப் பாரத்தையும் தாங்கிவிடும், மற்றதெல்லாம் அது அறுந்தால் என்று போட்டது. புதிதாக வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் இதை நான் வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன். என் குடும்பத்தை நாலு கயிற்றில் கட்டியிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தவன், ஒரே கயிற்றை நாலு சுற்றுச் சுற்றி வைத்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

யோசித்துப் பார்த்தால் போனதில் முக்கால்வாசியைத் திரும்பச் செய்துவிடலாம். பழைய படங்கள் பெட்டியில் இருக்கின்றன. பள்ளிக்கூட ரிஜிஸ்டர், வாடகைப் பத்திரம், ரேஷன் அட்டை எல்லாம் மறுபடி நடந்து மறுபடி கெஞ்சி வாங்கிவிடலாம். திரும்ப வராதது அத்தையின் குரல். அப்பாவின் அக்கா அவள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தைந்து வருஷம் லைன் போட்டவள், எண்பத்து நாலு வயதிலும் நினைவு பிசகாதவள். மூன்று வருஷத்துக்கு முன்பு அவள் வீட்டு ஹாலில் என் போனை மேஜைமேல் வைத்துப் பதினொரு தடவை பேச வைத்துப் பதிவு செய்தேன். எட்டு மாதம் கழித்து அவள் போய்விட்டாள். பதிவு செய்த போனைப் புதுப் போன் வாங்கும்போது கழித்துக் கொடுத்துவிட்டேன், நாலு பிரதி இருக்கிறதே என்ற தைரியம்.

அந்தப் பதினொன்றில் பதினோராவதை நான் இன்னும் கேட்கவில்லை. இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அந்த வாரம்தான் பழைய பள்ளிக்கூட ரிஜிஸ்டர் ஒன்றில், அதற்கு முன்பே காலமாகிவிட்ட என் சித்தப்பாவின் பெயரைப் பார்த்திருந்தேன். தகப்பனார் என்ற கட்டத்தில் என் தாத்தாவின் பெயர் இல்லை, வேறு யாரோ ஒருவரின் பெயர் இருந்தது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சித்தப்பா சித்தப்பாதான், அதில் யாரும் எந்த மாற்றமும் சொன்னதில்லை. அத்தையிடம் கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து என் ஆபீஸ் போன் அடித்தது. ஒரு அப்பார்ட்மெண்டில் ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில் இரண்டு பேர் மாட்டிக்கொண்டிருந்தார்கள், காவலாளி கத்துகிறான். பதிவை நிறுத்தாமல் அப்படியே விட்டுவிட்டு பால்கனிக்குப் போய்விட்டேன். இருபது நிமிஷம் கழித்துத் திரும்பியபோது அத்தை, "எல்லாம் சொல்லிட்டேன். போட்டுக் கேட்டுக்கோ. திருப்பியெல்லாம் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டாள். ஆள் இல்லாத அறையில் ஒரு கருவியிடம் பேசுவது அவளுக்குப் புதிதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அதைப் போட்டுக் கேட்டிருக்க வேண்டும். நான் அந்த ரகம் இல்லை. எட்டு மாடிக் கட்டடத்தைச் சோதிக்கப் போனால் கீழிருந்து ஒவ்வொரு மாடியாகத்தான் போவேன், ஆறாவதில் சத்தம் வருகிறது என்று யார் சொன்னாலும் நேராக ஆறுக்குப் போக மாட்டேன். பதிவுகளையும் ஒன்றிலிருந்து வரிசையாகக் கேட்டு, ஒற்றை விரலால் தட்டி எழுதிக்கொண்டு வந்தேன். முதல் பத்தும் ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். எமர்ஜென்சி கால் வராத ஞாயிற்றுக்கிழமை எனக்கு மாதத்தில் ஒன்று கிடைத்தால் பெரிது. பத்தாவதைப் போன மாதம் வீட்டு மேஜையில் தாளில் எழுதி முடித்திருந்தேன், முன்னமே என் லேப்டாப்பிலிருந்து போனில் ஏற்றி வைத்திருந்ததைக் கேட்டுத்தான். எழுதி முடித்ததும் இடம் அடைக்கிறது என்று அதைப் போனிலிருந்து எடுத்துவிட்டேன். அதனால்தான் இத்தனை வாரம் ஃபோல்டர் பக்கமே போகவில்லை. பதினொன்றுக்கு நாள் குறித்து உட்கார்ந்தது அந்த ஞாயிறு.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனேன். கடையில் இருந்த பெண்ணுக்கு என் மகனைவிட நாலைந்து வயது அதிகம் இருக்கும். தலைமேல் ஒரு சின்ன டார்ச்சைக் கட்டிக்கொண்டு, நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டே ஸ்க்ரூவைக் கழற்றினாள். இரண்டு நாள் வைத்துத் தேடியதில் அவளுக்குக் கிடைத்தது முன்னூற்றுச் சொச்சம் படத் துண்டுகள். ஒன்றில் அப்பாவின் நெற்றி மட்டும் இருந்தது, கீழே சாம்பல் கலர். குரல் ஒன்றுகூட இல்லை.

"அழிச்சு ரொம்ப நாளாச்சு சார். மேல மேல எழுதிடுச்சு" என்றாள். பிறகு டார்ச்சை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இந்த ஃபோல்டர் முன்ன இருந்து, ரொம்ப நாளா நெட் பக்கமே போகாத மெஷின் ஏதாவது இருக்கா? யோசிச்சுச் சொல்லுங்க. வீட்டுல யாராவது கோவிச்சுக்கிட்டுப் போனவங்க இருப்பாங்களே. எனக்குப் பாதி கேஸ் அப்படித்தான் கிடைக்குது."

நான் யோசிக்கவே தேவையில்லை. கண்ணாடிக்கடைத் தம்பி, சித்தப்பாவின் மகன். ஒரு காலத்தில் ஐந்தாவது பிரதி அவனிடம்தான் இருந்தது. அந்தப் பெண்ணிடம் சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது. இரண்டு புது டிஸ்க்கை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, "எக்காரணம் கொண்டும் நெட் குடுத்துடாதீங்க. குடுத்த அடுத்த நிமிஷம் அதுவும் போயிடும்" என்று இரண்டு தடவை சொன்னாள்.

அவன் கோபித்துக்கொண்டது என் வீட்டில், என் டிவிக்கு முன்னால். அத்தை போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. எல்லாரும் கூடியிருந்த ஒரு மத்தியானம், நான் செய்து வைத்திருந்த குடும்ப மரத்தை டிவியில் பெரிதாகப் போட்டுக் காட்டினேன். பெற்ற பிள்ளைக்கு நேர்க்கோடு, எடுத்து வளர்த்த பிள்ளைக்குப் புள்ளிக்கோடு. அந்த மென்பொருள் அப்படித்தான் போடும். ரிஜிஸ்டரில் பார்த்ததை வைத்து சித்தப்பாவுக்குப் புள்ளிக்கோடு போட்டிருந்தேன். தம்பி எழுந்து டிவி அருகே வந்து நின்றான். "எங்கப்பாவுக்கு மட்டும் ஏன் புள்ளி புள்ளியா இருக்கு?" என்று கேட்டான். நான் ஏதோ பழுதைக் கண்டுபிடித்த பெருமையில், ரிஜிஸ்டர், வருஷம், பக்க எண் எல்லாம் சொல்லி விளக்கினேன். அத்தனை பேர் முன்னால். அவன் ஒன்றும் கத்தவில்லை. "அவங்க அவ்வளவு தூரம் சொன்னதுக்கு அப்புறமுமா?" என்றான். யார் சொன்னது, என்ன சொன்னது என்று எனக்குப் புரியவில்லை. அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். பிறகு என் போனை எடுக்கவில்லை. நானும் சில மாதம் அடித்துப் பார்த்து, பிறகு ரோஷம் வந்து விட்டுவிட்டேன்.

புதன்கிழமை மாலை நாலு மணிக்கு அவன் கடைக்குப் போனேன். தானும் வருகிறேன் என்றாள் அக்கா, அவளுக்குக் கண்ணாடி போட்டுக் கொடுப்பது அவன்தான், அவளிடம் அவனுக்கு ஒரு கோபமும் இல்லை. நான் வேண்டாம் என்றேன். அங்கே வந்து எதையாவது சுத்தம் செய்துவிடுவாள்.

கடை குறுகலாக, நீளமாக இருந்தது. இரண்டு பக்கமும் கண்ணாடி ஃப்ரேம்கள், நடுவில் ஒரு கவுண்டர், பின்னால் கண் சோதிக்கும் அறை. தம்பி ஒரு வாடிக்கையாளரின் ஃப்ரேமைச் சூட்டில் காட்டி வளைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கை ஒரு விநாடி நின்றது.

"வாங்க" என்றான். "உக்காருங்க."

அந்த 'ங்க' எனக்கு வலித்தது. தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து நான் தூக்கி வளர்த்த பயல், என்னை வா போ என்று கூப்பிட்டுத்தான் பழக்கம். கண் சோதிக்கும் நாற்காலியைத் தவிர உட்கார வேறு இடமில்லை. அதில் உட்கார்ந்தேன். எதிர்ச் சுவரில் எழுத்துகள் பெரிதிலிருந்து சிறிதாக இறங்கிக்கொண்டு போயின. அவன் அந்த வாடிக்கையாளரின் காதுக்குப் பின்னால் ஃப்ரேமை நாலு தடவை மாட்டிக் கழற்றினான். வேண்டுமென்றே நேரம் கடத்துகிறான் என்று தெரிந்தது. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

ஆள் போனதும் நடந்ததைச் சொன்னேன். அக்கா மூன்று மத்தியானம் உட்கார்ந்து சுத்தம் செய்த இடம் வந்தபோது அவன் கவுண்டரைத் துடைத்துக்கொண்டிருந்த துணி நின்றது.

"செத்தவங்கள மட்டுமா?"

"செத்தவங்கள மட்டும். சர்வேயர் பெரியப்பாவையும் சேத்து."

அவன் வாயை இறுக்கிக்கொண்டான். ஆனாலும் தோள் குலுங்கியது. நானும் சிரித்துவிட்டேன். சிரிப்பு அடங்கியதும் அவன், "எங்கப்பாவையும் எடுத்துட்டாங்களா?" என்று கேட்டான்.

"ஆமா."

"எடுத்தது முழுசாவா, இல்ல புள்ளி புள்ளியாவா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் துணியைக் கவுண்டரில் போட்டுவிட்டு, "உள்ள வாங்க" என்றான்.

கண் சோதிக்கும் அறைக்கும் பின்னால், லென்ஸ் தேய்க்கும் மெஷின் பக்கத்தில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே அந்தப் பழைய லேப்டாப் இருந்தது. வாடிக்கையாளர்களின் கண் பவரை எழுதி வைக்க மட்டும் அதை உபயோகிக்கிறான். நெட் இருக்கிறதா என்று நான் பதறிக்கொண்டு கேட்டேன். அவன் ஒரு டிராயரைத் திறந்து, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சின்னக் கருவியை எடுத்துக் காட்டினான். அதைச் சொருகினால்தான் அந்த மெஷினுக்கு நெட்.

"அன்னிக்கே புடுங்கிட்டேன். உங்க குடும்பம் தினம் தினம் என் மெஷினுக்குள்ள வந்து எறங்கறது எனக்குப் புடிக்கல."

மெஷின் கண் விழிக்க ஐந்து நிமிஷம் எடுத்தது. ஃபோல்டரைத் திறந்தான். அக்கா மகன், அத்தை, அப்பா, அம்மா. எல்லாரும் வரிசையில் நின்றார்கள், இரண்டு வருஷத்துக்கு முன்பு அவன் பிடுங்கிய அன்றைக்கு எப்படி நின்றார்களோ அப்படி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் அதைப் பார்க்காத மாதிரி லென்ஸ் மெஷினின் தூசியை ஊதினான். டிஸ்க்கைச் சொருகினேன். காப்பி ஆகி முடிய ஒரு மணி ஐம்பது நிமிஷம் என்று காட்டியது.

"ஒண்ணு சொல்லிடறேன்" என்றான் அவன். "எடுத்துக்கங்க. எத்தனை காப்பி வேணுமோ எடுத்துக்கங்க. ஆனா இந்த மெஷின் இப்படியே இருக்கும். இதுக்கு நெட் கிடையாது. நாளைக்கே நம்ம சமாதானமாயிட்டாலும் கிடையாது."

"இருக்கட்டும்" என்றேன். "நம்ம குடும்பத்துல எவனாவது ஒருத்தன் கோவிச்சுக்கிட்டே இருந்தாத்தான் நல்லது போல."

அவன் முகம் கொஞ்சம் இளகியது. பச்சைக் கோடு மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை. "அத்தையோட பதினொண்ணாவது பதிவு இருக்கான்னு மட்டும் ஒரு தடவை பாக்கறியா?" என்று கேட்டேன்.

அவன் திரும்பினான். "அது மட்டும் எதுக்கு?"

"நான் அதக் கேக்கவே இல்ல."

"எத?"

"பதினொண்ண. ஒண்ணுலேருந்து வரிசையாக் கேட்டு எழுதிக்கிட்டு வந்தேன். இந்த ஞாயித்துக்கிழமதான் பதினொண்ணு வந்துச்சு. ஒக்காந்தா, காணோம்."

அவன் தன் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தான். கடைக்கு வருகிறவர்களிடம் சட்டையால் துடைக்காதீர்கள் என்று தினமும் சொல்கிறவன்.

"அப்ப அன்னிக்கு டிவியில போட்டுக் காட்டினப்போ?"

"நாலோ அஞ்சோ முடிச்சிருப்பேன்."

"அத்தை போனதும் அவங்க கொரலக் கேக்கணும்னு தோணிச்சு எனக்கு" என்றான் அவன், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே. "கடைசில பேசினதுலேருந்து கேப்போம்னு நேரா பதினொண்ணப் போட்டேன். உன்கிட்டதான் சொல்றாங்க, ஒவ்வொரு வார்த்தையும். நீ கேட்டுட்டு, தெரிஞ்சே அப்படிப் போட்டேன்னு நெனச்சேன். ரெண்டு வருஷமா அதத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்." நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "மூணு வருஷமா வரிசைல வந்துக்கிட்டு இருந்தியா நீ?"

நீ என்றுதான் சொன்னான். அவனுக்கே அது தெரிந்ததோ என்னவோ.

என்ன சொன்னாள் என்று அவனிடம் கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றுவிட்டான். அவள் சொல்வதை அவள் வாயாலேயே கேள் என்றான். அந்தப் பழைய மெஷின் ஒரு வேலை செய்யும்போது இன்னொரு வேலை செய்யாது, காப்பி முடிகிறவரை காத்திருக்கத்தான் வேண்டும். ஒரு மணி ஐம்பது நிமிஷம். மூன்று வருஷம் பொறுத்தவனுக்கு அந்த ஒரு மணி ஐம்பது நிமிஷம் போகவே இல்லை. நடுவில் ஒரு அம்மாள் வந்து பேரனுக்குக் கண்ணாடி வாங்கிப் போனாள். ஒருவர் மூக்குத் தாங்கியை மாற்றிப் போனார். சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று தம்பி என் கண்ணைச் சோதித்தான். மூன்றாவது வரிக்குக் கீழே எனக்குத் தடுமாறியது. "இந்தக் கண்ண வச்சுக்கிட்டா லிஃப்ட் ரிப்பேர் பண்ற? யார் உசுரோட வெளயாடற?" என்றான்.

ஆறரை மணிக்குக் காப்பி முடிந்தது. அவன் எழுந்துபோய்க் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்தான். இரண்டு ஸ்டூலைப் போட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தோம். அவன் பட்டனைத் தட்டினான்.

முதலில் என் குரல், ரிஜிஸ்டரைப் பற்றிய என் கேள்வி. அத்தையின் சிரிப்பு. நாற்காலி இழுபடும் சத்தம். ஆபீஸ் போன். என் காலடி, பால்கனிக் கதவு. பிறகு அத்தை, மிக அருகில், தெளிவாக:

"போய்ட்டானா. சரி, நான் சொல்றேன், நீ புடிச்சு வச்சுக்கோ. நான் வேலைக்குச் சேந்த வருஷம். எங்க வீட்டு மாடில ஒரு புருஷன் பொண்டாட்டி குடியிருந்தாங்க. அவளுக்கு ஒடம்பு சரியில்ல, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னு, பத்து மாசக் கொழந்தைய எங்கம்மா கைல குடுத்தாங்க. ரெண்டு நாள்ல வந்துடறோம்னாங்க. ரெண்டு நாளைக்கு மாத்துத் துணி வச்சு ஒரு பை. எங்கம்மா அந்தப் பைய வாசக் கதவுக்குப் பின்னால ஆணில மாட்டி வச்சா. வந்தா ஒடனே எடுத்துக் குடுக்கணும்ல. ரெண்டு நாளாச்சு, பத்து நாளாச்சு. எங்கப்பா போய் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாத் தேடினார். நான் லைன்ல எத்தன ஊருக்குப் போட்டுக் கேட்டிருப்பேன். ஒண்ணும் தெரியல. ஒரு வருஷம் கழிச்சு அம்மா அந்தப் பைய எறக்கிப் பாத்தா, ஒரு சட்டையும் அவனுக்குப் பத்தல. அன்னிக்கு அம்மா அந்த ஆணியப் புடுங்கிட்டா."

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உதடு அவளோடு சேர்ந்து அசைந்தது. அவனுக்கு ஒவ்வொரு சொல்லும் மனப்பாடம்.

"ஸ்கூல்ல சேக்கப் போனப்போ அப்பா பேர்னு கேட்டாங்க. எங்கப்பா அந்த மாடிக்காரர் பேரச் சொல்லிட்டார். வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரே சண்டை. எம் புள்ளைய யார் புள்ளைன்னு எழுதிட்டு வந்தீங்கன்னு. அதுக்கு அப்பா சொன்னார், எங்க இருந்தாலும் ஒரு நாள் அவங்க தேடிட்டு வருவாங்க, வந்தா எத வச்சுக் கண்டுபுடிப்பாங்க, எங்கயாவது ஒரு எடத்துல எழுதி இருக்கட்டும்னு. அதான் நீ பாத்த பேரு. வேற ஒண்ணும் இல்ல. அன்னிக்கு நீ மெஷின்ல காட்டினியே, கோடு கோடா, நடுவுல புள்ளியா ஒரு கோடு. அத இவனுக்குப் போடாத. ரெண்டு நாள் துணியோட வந்தவன், அறுவது வருஷம் எங்களோட இருந்தான். எனக்குக் கொள்ளி போட வேண்டியவன், எனக்கு முன்னாடி போய்ட்டான். நேராவே போடு. அவ்வளவுதான். போன் பேசப் போனவன இன்னும் காணோம்."

அதற்குப் பிறகு பேச்சில்லை. தம்பியின் கையைப் பிடித்தேன், அவன் விலக்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவன் விரலை உதட்டில் வைத்தான். பதிவு முடியவில்லை. இன்னும் பதினாறு நிமிஷம் ஓட வேண்டியிருந்தது.

"இதுக்கு அப்புறம் ஏதாவது சொல்றாங்களா?"

"கேளு" என்றான். "நான் எப்பவும் கடைசி வரைக்கும் கேப்பேன்."

மின்விசிறியின் சத்தம் வந்தது. அத்தையின் மூச்சு வந்தது, கொஞ்சம் இழுப்போடு. அவள் விரல் நகத்தால் மேஜையில் மெதுவாகத் தட்டினாள், ஒரு நிமிஷம் தட்டி நிறுத்தினாள். தூரத்தில், மூடிய கதவுக்கு அப்பால், என் குரல் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தது: பயப்படாதீங்க, கதவைத் தள்ளாதீங்க, அப்படியே நில்லுங்க, காத்து வரும். அத்தை அதைக் கேட்கிறாள் என்று தெரிந்தது, மூச்சு கொஞ்சம் அடங்கியது. "பாவம், யாரோ மாட்டிக்கிட்டு நிக்கறாங்க" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பாதி இறங்கிய ஷட்டருக்குக் கீழே தெருவில் கால்கள் போய்க்கொண்டிருந்தன. நாங்கள் இரண்டு பேரும் மெஷின் பக்கம் குனிந்து உட்கார்ந்திருந்தோம். அவள் நாற்காலியில் சாய்ந்துகொள்ளும் சத்தம் கேட்டது. நான் இன்னும் உள்ளே வரவில்லை.